பெரிய மாப்பிள்ளை பாராட்டிய இயந்திரம்

மாமியார் வீட்டுக் கூடத்தில் கடிகாரம் தொங்கிய ஆணியில் இப்போது சின்ன மாப்பிள்ளையின் காப்புரிமைச் சான்றிதழ் தொங்கியது. கடிகாரத்தைக் கழற்றி அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். மணி பார்க்க அடுப்படிவரை நடக்க வேண்டியிருந்ததில் அந்த வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை, பெரிய மாப்பிள்ளையைத் தவிர.

"எங்க சின்ன மாப்பிள்ளை புதுசா ஒரு மிஷின் கண்டுபிடிச்சிருக்காரு. ஓட்டல் தட்டையெல்லாம் பாதித் தண்ணியில கழுவிடுமாம்" என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

"அப்ப பெரியவரு?"

"அவரா? அவரு பெயிண்ட் அடிக்கிறாரு."

பெயிண்ட் அடிக்கிறாராம்! ஏதோ வாளியும் மட்டையுமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் மாதிரி. ஸ்பிரே கன்னைக் கையில் பிடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவர் அடித்த கார் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதோடு, அவரும் ஒரு காலத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தவர்தான். கன்னின் நாசில், அதாவது பெயிண்ட் பீய்ச்சுகிற சின்ன வாய், அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதைப் பின்பக்கமாகத் திருப்பி ஒரு முறை பீய்ச்சினால் அடைப்பு தெறித்து ஓடிவிடும். கையால் செய்கிற அந்த வேலையைத் தானாகவே செய்ய ஒரு பித்தளைச் சாமானை நாலு வருடம் ராவி ராவி உருவாக்கினார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இது ஏற்கெனவே இருக்கிறது, புதிதல்ல என்று ஒற்றைத் தாளில் பதில் வந்தது. பித்தளைச் சாமான் பிஸ்கட் டப்பாவுக்குள் போய், டப்பா பீரோ மேல் ஏறிக்கொண்டது. என்ன ஆச்சு என்று மாமியார் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? கேட்கவில்லை.

சின்னவர் ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஒருநாள் பட்டறைக்குச் சும்மா வந்தவர், பெரியவரின் கன்னிலிருந்து பெயிண்ட் விசிறியாக விரிவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இயந்திரத்துக்குள் சுற்றுகிற குழாயில் அதே மாதிரி மெல்லிய நாசில்களை வைத்து வரைந்தார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அதை மறைத்தாலாவது திருடன் என்று மனசாரத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அந்த ஆளோ, "அண்ணனோட கன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தோணுச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பெரியவருக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருடம் தன் கையில் இருந்ததை, இருபது நிமிடம் வேடிக்கை பார்த்தவன் கொண்டுபோய்விட்டானே!

முதல் இயந்திரத்தைச் செய்யத் தொடங்குமுன் சின்னவர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு பெரிய தொழிற்சாலைக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் அவர்களுடைய எல்லாக் கேன்டீனுக்கும் இதுதான், தேறாவிட்டால் பழைய கம்பெனிக்காரனே தொடர்வான்.

"நீங்கதான் எதுலயும் குத்தம் கண்டுபிடிப்பீங்களே. பார்த்துச் சொல்லுங்கண்ணே."

சாம்பல் நிறப் பிரைமர் பூச்சு அப்பியிருந்த கட்டைவிரலால் பெரியவர் கோடுகளைத் தடவிக்கொண்டே போனார். நாசில் வரிசையில் விரல் நின்றது. எல்லாம் இறுக்கி முடுக்கியவை, அடைத்தால் தானாகத் திரும்ப வழியில்லை. எச்சில் தட்டுத் தண்ணீரே திரும்பத் திரும்ப ஓடும் இடத்தில் இவ்வளவு மெல்லிய வாயா? ஒரு தக்காளி விதை போதுமே. நாக்கு நுனிவரை வந்தது. கூடத்து ஆணி ஞாபகம் வந்தது.

"நல்லாயிருக்கு" என்றார்.

அன்று மாலை மனைவி கேட்டாள். "தங்கச்சி போன் பண்ணா. நல்லாயிருக்குன்னு சொன்னீங்களாமே? பதினெட்டு வருஷமா ஆக்கிக் கொட்டுறேன், என்னைப் பார்த்து ஒருநாள் சொன்னதில்ல."

"சொல்ற மாதிரி ஆக்கினாச் சொல்வேன்" என்று அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஓட்டிக் காட்டும் நாளன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். மறைப்பானேன், அது கவிழ்வதைப் பார்க்கத்தான் போனார். கேன்டீனின் கழுவும் அறை ஆவியும் சோப்பு வாடையுமாக இருந்தது. மேனேஜர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பழைய கம்பெனியின் இன்ஜினியர் சுவரில் சாய்ந்து நின்றார். முதல் தட்டுக்கூடை பளபளவென்று வெளியே வந்தது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவதும் அப்படியே. மேனேஜர் அம்மா தட்டை விரலால் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவர் கிட்டே நகர்ந்து எட்டிப் பார்த்தார். ஒருவேளை தன் கணக்குத்தான் தப்போ?

பதினைந்தாவது கூடையில் தட்டுகளில் எண்ணெய்க் கோடு தெரிந்தது. அடுத்ததில் சாம்பார் வாளியில் முக்கி எடுத்த மாதிரி அழுக்கு அப்படியே இருந்தது. உள்ளே குழாய் சுற்றாமல் நின்றுவிட்டது. சின்னவர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவருக்குள் சந்தோஷம் பொங்கியது. வேண்டும், நன்றாக வேண்டும்.

அப்போது அந்த இன்ஜினியர் சிரித்தார். "பெயிண்ட் கன்னைக் கொண்டுவந்து பாத்திரம் கழுவினா இப்படித்தான் ஆகும். அதெல்லாம் ஒரு கருவியா?"

சின்னவரைச் சொல்லியிருந்தால் பெரியவர் இன்னொரு மணி நேரம்கூட நின்று ரசித்திருப்பார். கன்னைச் சொல்லிவிட்டானே!

"கன்னைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?" என்று அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். "தம்பி, ஸ்பேனரை எடு."

இயந்திரத்துக்குள் இடுப்புவரை நுழைந்தார். எட்டு நாசிலையும் கழற்றி, பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி மாட்டினார். "திற தண்ணியை!" விதையும் பசையும் தெறித்து வெள்ளைச் சட்டை முழுக்கக் கோலம் போட்டன. மறுபடி நேராக மாட்டினார். குழாய் விர்ரென்று சுற்றியது. அடுத்த கூடை கண்ணாடியாக வந்தது.

"ஒவ்வொரு தடவையும் இவரைக் கூப்பிட முடியுமா?" என்றார் மேனேஜர் அம்மா.

"எதுக்குக் கூப்பிடணும்? அதுவே திரும்பிக்கும்" என்றார் பெரியவர். வீராப்பில் வாய் முந்திக்கொண்டது. "அதுக்குன்னே ஒரு சாமான் செஞ்சு வச்சிருக்கேன். வீட்டுல, பீரோ மேல இருக்கு."

மேனேஜர் அம்மா யோசித்தார். பத்து நாள் தருவதாகவும், அதைப் பொருத்தி இன்னொரு முறை ஓட்டிக் காட்டும்படியும் சொன்னார். இன்ஜினியர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கழுவுகிற பெண்கள் கைதட்டினார்கள், அதுவும் பெரியவரைப் பார்த்து. இந்த ஒன்றுக்காகத்தானே இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின், சின்னவர் ஈர மேசையைத் துடைத்து வரைபடத்தை விரித்தார். "அந்தச் சாமான் எங்க உட்காரும்னு குறிச்சுக்கலாம்ணே" என்று பேனாவைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

குறிக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. நாசில் வரிசைமேல், சாம்பல் நிறத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. மற்ற இடமெல்லாம் மெல்லிய தடவல். இங்கே மட்டும் அழுத்தி நின்ற விரல்.

சின்னவர் அதையும் பெரியவரின் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திட்டினால் திருப்பித் திட்டலாம் என்று காத்திருந்தார்.

"அண்ணே" என்றார் சின்னவர். "நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. இனிமே நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

பெரியவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. பின்னால் கட்டிய கையை எடுத்து, ரேகைக்குக் கீழே வேறோர் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வடிகால் குழாயும் பத்தாது. இன்னும் அரை அங்குலம் பெருசு வேணும்."

"இதுவும் அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்" என்றார் பெரியவர்.

சின்னவர் நிமிர்ந்து பார்க்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.