இரண்டு கட்டங்களில் ஒரே எண்

ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டு தடவையும் எப்படி? இரவு சார்ட்டில் தாயின் நாடி நூற்று முப்பத்தாறு. பக்கத்துக் கட்டத்தில் வயிற்றுக் குழந்தையின் துடிப்பும் நூற்று முப்பத்தாறு. அடுத்த வரியில் இரண்டுமே நூற்று நாற்பது. காய்ச்சலில் தாயின் நாடி தறிகெட்டு ஓடியிருக்கிறது. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அதையே கேட்டு, குழந்தையின் துடிப்பென்று எழுதிவிட்டாளா?

இப்படிக் கேட்டுக்கொண்டவளுக்கு வார்டில் 'பூதக்கண்ணாடி' என்று பேர். பத்தொன்பது வருஷ நர்ஸ் வேலையில், மருந்துப் புட்டியின் தேதியிலிருந்து சக நர்ஸின் தலைவலி வரை எதையும் அவள் லேசில் நம்பியதில்லை. காலையில் பணிக்கு வந்ததும் நாலாம் கட்டில்காரியின் வயிற்றில் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தபோது மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். காதில் கேட்டதும் விரலில் தட்டியதும் ஒன்றே. அப்புறம் ஸ்கேன். எட்டு மாதக் குழந்தை அசையாமல் கிடந்தது.

சாயங்காலம் பிரசவமானது. பச்சைக் குழந்தைகளின் அழுகை எட்டாத கோடி அறைக்குத் தாயை மாற்றினாள். குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, "பாக்கணுமாம்மா?" என்று கேட்ட பிறகே கையில் கொடுத்தாள்.

"காது என் காது மாதிரியே இருக்குல்ல?"

"ஆமாம்மா. அப்படியே."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தே அசைவு இல்ல சிஸ்டர். ராத்திரி சொன்னேன். மிஷினை வச்சுப் பாத்துட்டு, ஜம்முனு துடிக்குது, பேசாம தூங்குன்னாங்க. தூங்கிட்டேன்." அவள் துணியின் ஓரத்தை நீவினாள். "நான் தூங்கினப்பதான் போச்சா?"

ஜன்னலோரம் நின்ற மாமியார் திரும்பாமலே சொன்னார்: "மாடி ஏறாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா மகராசி? துணி காயப்போட மொட்டை மாடிதான் வேணுமாம்."

மருந்து அறையில் தலைமை நர்ஸ் காத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வெற்று சார்ட் ஒன்றை மேஜையில் போட்டார்.

"உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். ராத்திரி சார்ட்டைப் புதுசா எழுதிடு. அம்மாவோட நாடியை மட்டும் தொண்ணூத்தெட்டு, நூறுன்னு போட்டுடு."

"காய்ச்சல் நூத்திமூணு இருந்திருக்கேக்கா. நாடி எப்படித் தொண்ணூத்தெட்டு?"

"ஆரம்பிச்சுட்டியா, பூதக்கண்ணாடி! ராத்திரி டியூட்டிப் பொண்ணு வேலைக்கு வந்து மூணு மாசம். பயந்து செத்துக்கிட்டிருக்கா. நீ இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, போன உசுரு திரும்பி வந்துடுமா?"

வராது. ராத்திரி கருவியை வைப்பதற்கு முன்பே போயிருக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். பழைய சார்ட்டின் அடியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், தலைமை நர்ஸின் கையெழுத்து இருந்தது. பார்த்துவிட்டுப் போட்டதா, பார்க்காமலே போட்டதா? இந்தப் பரிவு அந்தப் பெண்ணுக்காகவா, இந்தக் கையெழுத்துக்காகவா? அடுத்த கணம் சந்தேகம் அவள் மேலேயே திரும்பியது. பிறர் தப்பைக் கண்டுபிடித்துவிட்ட ருசிதானோ இது? தானும் ஒரு காலத்தில் மூன்று மாதக்காரியாக இருந்தவள்தானே. அன்று தன் தாளை யாராவது இப்படித் துருவியிருந்தால்?

கூடத்தில் மாமியார் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "காலையில வரைக்கும் நல்லாத்தான் துடிச்சுதாம். எல்லாம் இவ இழுத்து விட்டுக்கிட்டது."

புதுத் தாளும் அதையேதான் சொல்லும். குழந்தை விடியும்வரை நன்றாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தூங்கியவள், தூங்கியதாலேயே பறிகொடுத்தாள். அந்தத் தாய் அதை ஆயுசுக்கும் நம்புவாள்.

"எழுதும்மா. அஞ்சு நிமிஷ வேலை." தலைமை நர்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திரும்ப மாட்டி, பேனாவை வெற்றுத் தாளின்மேல் குறுக்காக வைத்தாள்.

"டாக்டர்கிட்ட பழைய சார்ட்டையே குடுத்துடறேன்க்கா."

மின்விசிறிக் காற்றில் தாளின் ஒரு பக்கம் எழும்பியது. பேனா மெல்ல உருண்டு மேஜையின் விளிம்புக்குப் போனது. இருவரில் யாரும் அதைப் பிடிக்கவில்லை.