குடிலுக்கு எடுத்த மண் குழந்தை

சவுரியப்பன் வாத்தியாருக்குப் பழைய கல் என்றால் பைத்தியம். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது யாராவது பெண்டாட்டியை ஆளில்லாத ஊருக்குக் கூட்டிப் போவார்களா? அவர் போனார். கம்பைநல்லூரில் பஸ் ஏறி, இறங்கி, மூன்று மைல் நடை. எண்பத்து மூன்றில் கிணறெல்லாம் வற்றி, சனம் மொத்தமும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட ஊர் அது.

கூரையில்லாத சுவர்கள். ஒரு வாசலில் ஆட்டுக்கல் மட்டும் கிடந்தது. ஊரைத் தாண்டிய பொட்டலில் வேடியப்பன் நடுகல், அதைச் சுற்றி வேண்டுதலுக்கு வைத்த மண் குதிரைகள், மாடுகள். வாத்தியார் நோட்டும் பென்சிலுமாகக் கல்லுக்கு முன்னால் குந்திவிட்டார்.

பெண்டாட்டி இசபெல்லாவின் கண்ணில் பட்டது வேறு. ஒரு குதிரையின் காலடியில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மண் குழந்தை மல்லாந்து கிடந்தது. வீட்டுக் குடிலில் வைக்கும் குழந்தை இயேசுவுக்குப் போன வருஷமே கை உடைந்துபோயிருந்தது. ஊரே காலி, யார் கேட்கப் போகிறார்கள்? முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஒரு பெண் எதிரே வந்தாள். முழங்கால் வரை புழுதி.

"தண்ணி இருக்குதுங்களா?"

வாத்தியார் பாட்டிலை நீட்டினார். "எங்கம்மா போற? அங்க ஈ காக்கா கூட இல்லியே."

"எங்கூருதானுங்க. பேரு குள்ளம்மா. எம்புள்ள தருமபுரி ஆசுபத்திரில ஒம்போது நாளா காய்ச்சல்ல கெடக்குதுங்க. மண்ணுல புள்ள செஞ்சு வேடியப்பன்கிட்ட வெச்சிருக்கறேன். அது அங்க பத்தரமா இருந்தா இதுவும் இருக்கும். ஒரு கண்ணு பாத்துட்டு ஓடணும்."

அவள் போய்விட்டாள். இசபெல்லா இடுப்புச் செருகலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் புருஷனிடம் முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள்.

"அடிப்பாவி! ரெண்டரை பஸ்ஸ உட்டா அப்புறம் ஆறு மணிக்குத்தான்டி."

"நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

குள்ளம்மாள் குதிரையின் காலடியில் மண்ணைக் கையால் பறித்துப் பறித்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்தான் எடுத்தேன். குடில்ல வெக்கலாம்னு... தெரியாம செஞ்சுட்டேன்."

குள்ளம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொம்மையை வாங்கி, கழுத்து, கை, கால் எல்லாம் விரலால் தடவி விரிசல் பார்த்தாள்.

"கீழ போட்டீங்களா?"

"இல்லக்கா. மாதா மேல சத்தியம்."

இருந்த பள்ளத்திலேயே கிடத்தினாள். அதன் மேலிருந்து தன் கையை மட்டும் எடுக்கவில்லை.

"எந்நேரத்துக்கு எடுத்தீங்க?"

"உச்சிப்பொழுது இருக்கும்."

"காத்தால பக்கத்துக் கட்டில் ஆயாகிட்ட உட்டுட்டு வந்தேன். கண்ணு முழிச்சிருந்துச்சு." உச்சிப்பொழுதுக்கு என்ன ஆனதோ, அது அவளுக்குத் தெரியாது. எழுந்து ஓடினாள். இசபெல்லாவும் கூடவே ஓடினாள்.

ரோட்டில் வாத்தியார் பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் நின்றிருந்தார். தருமபுரி போகும் லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி, மூன்று பேரும் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி வார்டு வாசலிலேயே இசபெல்லா நின்றுகொண்டாள். குள்ளம்மாள் மட்டும் உள்ளே போனாள்.

ஒரு சத்தமும் இல்லை. அப்புறம், "எங்கம்மா போன நீ?" என்று ஒரு பிஞ்சுக் குரல் சண்டைக்கு வந்தது.

இசபெல்லா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருஷமும் அவர்கள் குடிலில் கை உடைந்த குழந்தைதான்.