சீட்டு வைத்த பெட்டிகள்

முப்பது வருடத்துக்கு மேல் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கினேன். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு நகர்ந்துவிட்டது, குனிந்தால் நிமிர முடியவில்லை. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தங்கச்சியின் புருஷன்தான் கூப்பிட்டான். "சும்மா கிடக்குறதுக்கு எங்ககிட்ட வந்து பெட்டி கட்டு மச்சான். உட்கார்ந்த வேலை."

உட்கார்ந்த வேலை. அந்த வார்த்தைக்காகவே போனேன். ஒரு நீள மேசை, அதன் முன்னால் முதுகு சாய்க்கப் பலகை வைத்த ஒரு உயர நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது, கால் தரையில் படாமல் கூலி வாங்குவது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு பழகிவிட்டது. இந்த நாற்காலி கையை விட்டுப் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு ஆசை எதுவும் இல்லை.

மாப்பிள்ளை விற்றது கண்ணாடி ஜாடி. மரமூடி போட்டது, மூன்று அளவு. எங்கோ செய்து வரும், நாங்கள் கட்டி அனுப்புவோம். விற்பது எல்லாம் போனில் வரும் பெரிய கடையில். அந்தக் கடைக்குத் தங்கச்சி வைத்த பெயர் மாமியார். "மாமியார்கிட்டருந்து கடுதாசி வந்திருக்கு", "மாமியாருக்கு இன்னைக்கு மூஞ்சி சரியில்லை" என்பாள். விற்ற காசில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும். பெட்டி ஒரு நாள் தாமதமானால் கோபித்துக்கொள்ளும். வாங்கியவன் பொய் சொன்னாலும் அவன் பக்கமே பேசும். அதனால் மாப்பிள்ளை சொந்தமாக ஒரு கடை போட முடிவு செய்தான்.

"தனிக்குடித்தனம் போறோம் மச்சான்" என்றான்.

"கடை எந்தத் தெருவுல மாப்பிள்ளை?"

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "தெருவுல இல்லண்ணே. இதுவும் போன்லதான். ஆனா நம்ம பேருல."

உடைசல் வராதபடி கட்டுவதுதான் என் வேலை. ஜாடியின் வாய்க்குள் காகிதத்தைப் பந்தாகச் சுருட்டி வைக்க வேண்டும். வெளியே இரண்டு சுற்று. ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே நெளி அட்டை. கடைசியாகப் பெட்டியைக் காதோரம் தூக்கி ஒரு ஆட்டு. உள்ளே துளி சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவேன். மூன்று வருடத்தில் உடைந்து திரும்பியது மொத்தம் ஏழு பெட்டி. அதில் ஒன்றின் மேல் லாரி ஏறியிருந்தது.

சீட்டு நானாக ஆரம்பித்ததுதான். ஒரு மூடியில் மரத்தின் கணு வெள்ளையாகத் தெரிந்தது. வாங்குகிறவர் கறை என்று நினைக்கக் கூடாதே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்தேன். நான் எழுத்துக் கற்றதே நாற்பதுக்கு மேல், மூட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்த்து. அதனால் என் எழுத்து பெரிது பெரிதாக, இடைவெளி விட்டு நிற்கும். அதை வாங்கிய அம்மாள் சீட்டைப் படம் பிடித்துப் போட்டு, இந்த மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை அதை எனக்கு நான்கு முறை படித்துக் காட்டினான்.

மறுநாளே, "எல்லாப் பெட்டிலயும் வை மச்சான்" என்றான். வாசகமும் அவனே சொன்னான். நன்றி. என் கையால் பார்த்துக் கட்டினேன். குறை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அதற்குக் கீழே புதுக் கடையின் முகவரி. மாமியாரின் வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக நம் பக்கம் இழுக்கும் வழி அது. மாமியார் வீட்டுப் பெட்டியில் வேறு கடையின் முகவரி இருக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. தெரிந்தேதான் செய்தோம்.

அதற்காகவே இரண்டு தட்டு வைத்திருந்தோம். நேராக வாங்குகிறவர் வீட்டுக்குப் போகிற பெட்டி சீட்டோடு இடப்பக்கத் தட்டில். மாமியாரின் சொந்தக் கிடங்குக்கு மொத்தமாகப் போகிற பெட்டி சீட்டு இல்லாமல் வலப்பக்கத் தட்டில். அங்கே அவர்கள் ஆள் பிரித்துப் பார்ப்பான் என்பதால் அந்தப் பாகுபாடு. நான் ஒரு நாளும் மாற்றி வைத்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமியார் கிடங்கு அறுபது பெட்டி கேட்டது. வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. வலப்பக்கத்தில் இருபத்திரண்டுதான். மாப்பிள்ளை இடப்பக்கத் தட்டிலிருந்து எடுத்து அடுக்க ஆரம்பித்தான்.

"மாப்பிள்ளை, அது சீட்டுத் தட்டு."

"கண்ணு தெரியுது மச்சான்."

"ஒரு மணி நேரம் குடு. பிரிச்சு எடுத்துட்டு ஒட்டித் தர்றேன்."

"வண்டிக்காரன் உன் தாய்மாமனா, ஒரு மணி நேரம் நிக்க? அறுபதுல எத்தனையைக் கிடங்குக்காரன் பிரிச்சுப் பார்க்கப் போறான்? விடு."

தங்கச்சி அந்தப் பெட்டிகளின் மேல் மாமியார் கிடங்கின் முகவரியை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு ஒட்டினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் மாமியார் கதவைச் சாத்திவிட்டது. திரையில் எங்கள் ஜாடிகள் எல்லாம் யாரும் வாங்க முடியாதபடி சாம்பல் நிறமாகக் கிடந்தன. புதுக் கடையில் அப்போது ஒரு நாளைக்கு நான்கு பெட்டி போனால் அதிகம். மாமியார் இல்லாவிட்டால் அடுத்த மாதம் எல்லோரும் பட்டினிதான். மாமியாரிடமிருந்து வந்த கடிதத்தில் மூன்று கேள்வி. ஏன் நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், இனி நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம். கூடவே ஒரு படம். என் சீட்டு, திரை முழுக்கப் பெரிதாக.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேலைக்கு இருந்த ஆளு தப்புப் பண்ணிட்டான்னு எழுதிடலாம்" என்றாள் தங்கச்சி.

"எந்த ஆளு?" என்று கேட்டேன். மடையன்.

இரண்டு பேரும் திரையில் இருந்த என் எழுத்தைத்தான் பார்த்தார்கள்.

"பேப்பருக்குத்தாண்ணே. நிசத்துல உன்னை யாரு அனுப்பப் போறா? நீ என் கூடப் பொறந்தவன்."

"நானே எழுதிடுவேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "ஆனா என் எழுத்து நாலு காலேஜ் பார்த்த எழுத்து. அதுவும் இதுவும் ஒண்ணுன்னா பச்சைக் குழந்தைகூட நம்பாது."

எழுதினேன். தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதினேன். முதலாளிக்குத் தெரியாமல், என் சொந்த லாபத்துக்காக, நானாகவே வைத்தேன்.

"எனக்கு என்ன லாபம் இதுல?"

"எழுதுண்ணே. ஏதாவது ஒரு லாபம் இருந்தாத்தான் நம்புவாங்க. சும்மா ஒருத்தன் செய்வானா?"

இரண்டு தாளில் மை இழுகிப் போயிற்று. மூன்றாவதில் ஒழுங்காக வந்தது. கடைசி வரி, இனி அந்த மேசையைத் தொட மாட்டேன். தங்கச்சி தாளை வாங்கித் திரையில் இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "அச்சு அசல்" என்றாள். நகை வாங்கும்போது உரசிப் பார்த்துத் திருப்தியாவார்களே, அந்த முகம்.

மாப்பிள்ளை போனை எடுத்தான். "ஆளை நிறுத்தியாச்சுன்னு ஒரு படம் போட்டா பலமா இருக்கும். கொஞ்சம் எந்திரி மச்சான்."

எழுந்தேன். காலி நாற்காலியை இரண்டு பக்கத்திலிருந்தும் படம் பிடித்தான். நான் அதில் கடைசியாக உட்கார்ந்திருந்தது அதற்கு அரை நிமிடம் முன்னால்தான்.

ஆறே நாளில் மாமியார் கதவைத் திறந்துவிட்டது. "யாராச்சும் சோதனைக்கு வருவாங்க. ஒரு வாரம் வராதே" என்றார்கள். ஒரு வாரம் இரண்டானது. மூன்றாவது வாரம் நானே போனேன். கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் மாப்பிள்ளையின் தம்பி உட்கார்ந்திருந்தான், எல்லோரும் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். இரண்டு காதிலும் பாட்டுக் கேட்கும் குமிழை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். முடித்த பெட்டியை ஆட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் கேட்டிருக்காது.

தங்கச்சி வெளியே வந்து கதவைத் தன் முதுகால் சாத்திக்கொண்டாள்.

"ஏண்ணே வந்தே? யாராச்சும் பார்த்துட்டா?"

"யாரு பார்ப்பா?"

"மாமியார் ஆளு." அவள் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான். தனிக்குடித்தனம் போனதும் நாங்களே கூப்பிடுறோம். அப்ப யாருக்கும் பயப்பட வேண்டாம்ல?"

அது நியாயமாகப் பட்டது. காத்திருந்தேன். மூன்று மாதத்தில் புதுக் கடை சூடு பிடித்தது. அவர்களாகவே மாமியாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இனிச் சோதனை இல்லை, சட்டம் இல்லை. போன் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை பொறுமையாகத்தான் பேசினான். "மச்சான், சொந்தக் கடைன்னா பேருதான் எல்லாம். முதலாளிக்குத் தெரியாம சீட்டு வச்ச ஆளைத் திரும்ப உள்ள விட்டா, நாளைக்கு நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"மாப்பிள்ளை, நீ சொல்லித்தானே வச்சேன்?"

"எழுதிக் குடுத்திருக்கியே மச்சான்."

கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் குரலில் கேலி இல்லை. தாங்களே சொல்லி எழுத வைத்ததை அவன் இப்போது நம்ப ஆரம்பித்திருந்தான்.

பழைய கிடங்குக்கே போனேன். மேஸ்திரி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வாங்க மகாராசா. சிம்மாசனம் ஆட்டம் கண்டுருச்சா?" என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய இடுப்பு வாரை எடுத்து வீசினார். சின்னப் பெட்டியாகப் பார்த்து எனக்கு ஒதுக்கினார். அது அவர் செய்த தயவு. சின்னப் பெட்டி என்றாலும் ஒரு வேளைக்கு நானூறு தூக்க வேண்டும். காலையில் படுக்கையிலிருந்து எழ இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டும்.

ஒரு நாள் மதியம் வெள்ளைப் பெட்டிகள் வந்து இறங்கின. நல்ல பெட்டி, வழுவழுப்பான அட்டை. மேலே நீல மையில் பெரிதாக அச்சடித்திருந்தது. நன்றி. என் கையால் பார்த்துக் கட்டினேன். குறை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

என் எழுத்து. 'றி'யின் மேல்வளைவை நான் கொஞ்சம் அதிகமாக இழுப்பேன். அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது.

என்னோடு ஏற்றுகிறவன் ஒருவன் நெட்டையாக, கழுத்தை நீட்டி நடப்பான். ஒட்டகம் என்று கூப்பிடுவோம். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எழுத்தைப் பாரு பெருசு. எறும்பு மையில விழுந்து தப்பிச்சு ஓடின மாதிரி. இதைப் போய் அச்சுல போட்டிருக்கான்."

"அதான் இப்ப விக்குதாம்."

"என் கையால கட்டினேன்னு வேற. எவன் கை?"

நான் ஒரு பெட்டியைக் காதோரம் தூக்கி ஆட்டினேன். கலகலவென்று இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டாள். "சாப்பிட்டியாண்ணே?" என்று ஆரம்பித்தாள். நாலைந்து மாதமாகக் கேட்காத கேள்வி. "உடைசல் ரொம்ப வருதுண்ணே. கண்டபடி எழுதுறாங்க. ஒரு நாள் வந்து சின்னவனுக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போயேன். பின்பக்கமா வா."

"நாற்காலி காலியா இருக்கா?"

"அவன் உட்கார்ந்து கட்டட்டும். நீ பக்கத்துல நின்னு சொன்னாப் போதும்."

"மேசையைத் தொட மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேனே."

"அடேயப்பா! ரெண்டு எழுத்துக் கத்துக்கிட்டதும் நாக்கு எவ்வளவு நீளமாயிருச்சு! நாங்களா உன் கையைப் பிடிச்சு எழுத வச்சோம்?"

"இல்ல. நான்தான் எழுதினேன்."

வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளைப் பெட்டி பத்தொன்பது வந்தது. ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பார்த்தேன். பதினொன்று சத்தம் போட்டது. சத்தம் போடுகிற பெட்டியில் உடைசல் என்று எழுதி ஓரமாக வைக்க வேண்டும், அது கிடங்கின் வழக்கம். ஓரமாக வைத்தால் விற்றவனுக்குத் தகவல் போகும், வாங்குகிறவர் கைக்கு உடைந்த சாமான் போகாது. பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஏத்தலாமா பெருசு?" என்றான் ஒட்டகம் வண்டிக்குள்ளிருந்து.

"ஏத்து."

பதினொன்றையும் எடுத்துக் கொடுத்தேன். மீதி எட்டுப் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது, சின்னவனுக்கு எப்படியோ கை வாய்த்த எட்டு. முப்பது வருடம் ஏற்றியவனுக்குப் பெட்டியை எறிகிற மாதிரி தெரியாமல் எறியத் தெரியும். கையை நீட்டும்போது கடைசி முழத்தில் விரலை விட்டால் போதும். ஒவ்வொன்றாக விட்டேன். விழுந்த பிறகு ஒவ்வொன்றும் சத்தம் போட்டது.

ஒட்டகம் கதவை இழுத்துச் சாத்தும்போது மேலே இருந்த பெட்டியின் கடைசி வரி மட்டும் தெரிந்தது. குறை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

சொல்லட்டும்.