பெரியப்பாவின் வாய் வழியே

…அப்படியானால் அந்த முப்பது ஆண்டுகளும் யாருடையவை என்று கேட்கலாம், இல்லை, அப்படிக் கேட்டால் பெரியவர்கள் எப்போது சாவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாகிவிடும், வேறு மாதிரி, ஊற்றுக்கு மேலே இருக்கும் பொதுக்காட்டைக் குத்தகைக்கு விடக் கூடாது என்று மட்டும் சொன்னால் போதும், அதையும் முடிந்தவரை சின்னதாக, ஏனென்றால் நீளமாகச் சொன்னால் பெரியப்பா தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்… பிரபாகர் கோயில் மதிலோரம் காலை மாற்றி நின்றான். கூட்டம் தொடங்கியபோது மரங்களுக்கிடையே நின்ற பனி விலகி, கல்தரையில் வெயில் வந்துவிட்டது. செம்மநத்தத்துக்கும் மேலே, பாதை முடிகிற இடத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் மணமாகாதவனுக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமில்லை, பேசவும் உரிமையில்லை. குடும்பத்தின் மூத்த ஆண் ஒருவர் காதில் சொல்ல வேண்டும், அவர் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்வார். அப்பா போன பிறகு பெரியப்பா சித்தன்தான் அவனுக்காகப் பேசுகிறவர். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் நாளெல்லாம் ஜீப் ஓட்டுகிறவன், வளைவில் எதிரே வரும் லாரிக்காரனை ஒரு வார்த்தையில் பின்வாங்க வைக்கிறவன், இங்கே வந்தால் காதில் முணுமுணுக்கிற பிள்ளை. நேற்றும் கடைசி நடை முடித்து வரும்போது இதைத்தான் யோசித்தான், இதை எதிர்த்துக் கோபப்பட்ட காலமும் உண்டு, இப்போது கோபம்கூட வருவதில்லை, வெறும் அலுப்பு…

சமவெளியிலிருந்து வந்த ஒருவர் அந்தக் காட்டை முப்பது ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார், தங்கும் விடுதி கட்ட. அதற்காக ஊருக்குத் தார்ச்சாலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊர்க்கவுண்டர் மாதப்பன் அதைத்தான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார், பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் தூக்கிப்போகிற கதை நம்மோடு முடியட்டும் என்றார். அவர் மனைவியை அப்படித் தூக்கிப்போனதும், பாதி வழியில் உயிர் போய் இறக்கிவைத்ததும் ஊரறிந்தது. அதில் பொய் ஏது, பொய்யாக இருந்தால் எதிர்ப்பது எளிது, இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி… ஆனால் எதிர்ச்சரிவில் இதேபோலத்தான் சாலை வந்தது, விடுதி வந்தது, ஆழ்துளைக் கிணறு இறங்கியது, ஊற்று ஈரக்கல்லாகிவிட்டது. அந்தக் கோடையில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றிப்போனது இவன் ஜீப்தான். சரி என்று தலையாட்டிய கிழவர்களில் ஒருவரையும் அந்த வரிசையில் காணோம், சிலர் மண்ணுக்குள், சிலர் சேலத்தில் மகன் வீட்டில். குடத்தோடு நின்றதெல்லாம் இவன் வயதுப் பெண்கள். இங்கேயும் அப்படித்தானே நிற்கப்போகிறோம், அப்போது யாரைக் கேட்பது?

பெரியப்பா தலையைச் சாய்த்தார். அவன் அவர் காதருகே குனிந்து, கொடுத்தால் ஊற்று வற்றிவிடும், கொடுக்கக் கூடாது என்றான். அவ்வளவுதான், மாற்றுவதற்கு இதில் என்ன இருக்கிறது? பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“பையன் என்ன சொல்றான்னா, ஊத்தக் கொஞ்சம் பாத்து, தொந்தரவில்லாம கட்டச் சொல்லோணும்ங்கறானுங்க.”

சபை மகிழ்ந்தது. மாதப்பன் நல்ல யோசனை என்றார். ‘கூடாது’ எங்கே போயிற்று, இந்த ஓரடித் தூரத்தில் எங்கே தொலைந்தது… அவன் பெரியப்பாவின் தோளைத் தொட்டான், நான் சொன்னது அதுவல்ல என்றான். அவர் திரும்பாமலே, எல்லாம் ஒன்றுதான், பேசாமல் நில் என்று முணுமுணுத்தார். ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சென்றாயன் சிரித்தார்.

“பேசோணும்னு அவ்வளவு ஆசைன்னா ஒரு கண்ணாலத்தப் பண்ணிக்கிட்டு வந்து உக்காரு சாமி. அப்பறம் ஊட்டுல பேச உடமாட்டாங்க, இங்க வந்து நொம்பப் பேசலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள், இவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் வெட்கமாக இருந்தது, சிரித்துச் சிரித்தே இவர்களோடு ஒத்துப்போய்விட்டோமோ… மாதப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார்.

“சித்தா, நீ உக்காரு. பையன் மூஞ்சியே செரியில்ல, நீ எதையோ மாத்திச் சொல்ற. இது அவனுங்க குடிக்கப்போற தண்ணி. இன்னைக்கு அவனே சொல்லட்டும். நீ சொல்லு கண்ணு, யாரும் குறுக்க பேசமாட்டாங்க.”

பெரியப்பா உட்கார்ந்தார். எல்லா முகங்களும் இவன் பக்கம் திரும்பின, எல்லாம் இவனைத் தூக்கி வளர்த்த முகங்கள். எத்தனை வருடம் காத்திருந்தான் இதற்கு, ஜீப்பில் தனியே வரும்போதெல்லாம் எத்தனை முறை பேசிப் பார்த்திருக்கிறான், வளைவுகளுக்குக்கூட அவன் பேச்சு மனப்பாடமாகியிருக்கும். ஓர் அடி முன்னால் வந்தான்.

“ஏனுங்க… பெரியவங்க பாத்து என்ன முடிவு பண்ணுனாலும் எங்களுக்குச் சம்மதந்தானுங்க, ஆனா…”

இது யார் பேசுவது? யாரும் மாற்றவில்லை, நடுவில் யாரும் நிற்கவில்லை, தன் நாக்குத்தான். ஒருவேளை பெரியப்பா இத்தனை நாளும் மாற்றியதே இல்லையோ, நான் சொன்னதே அந்த அளவுக்குத்தானோ… மாதப்பன் முழங்காலில் கைவைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார், அந்தப் பொறுமையைத் தாங்கத்தான் முடியவில்லை. அடுத்த சொல் தெரிந்ததுதான், மூன்றே எழுத்து. அதை ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே நின்று இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது, வாயைத் திறந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.