பத்தொன்பதாம் கட்டம்

சித்ரலேகா அப்பாவின் வலது முன்கையில் பூசியிருந்த திருநீற்றை ஈரத்துணியால் ஓரிடத்தில் மட்டும் துடைத்தாள். மூன்று விரல் அகலம் போதும். துடைத்த இடத்தில், கையிலிருந்த தாள் துண்டை ஒட்டிவைத்துப் பார்த்தாள். துண்டில் இருபத்துநான்கு கட்டங்கள் இருந்தன. கோதுமை நிறத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு, கடைசிக் கட்டம் கருப்பட்டி நிறத்தில் முடிந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். துண்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள்.

பதினாலு பொருந்தியது.

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துக்க வீட்டில் மகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு. செத்தவர் கையில் காகிதத்தை வைத்து எண் பார்ப்பது அதில் சேராது.

"என்னட்டி செய்யுத?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. ராதாபுரத்திலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து அரை மணிநேரம்தான் ஆகியிருந்தது.

"நெறம் பாக்கேன் அத்த."

"அண்ணன் நெறம் ஊரு ஒலகத்துக்கே தெரியும். அதுல என்னத்தப் பாக்க?"

சித்ரலேகா எழுந்து முன்னறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "எழவு வீட்டுல மிஷின் ஓடுத சத்தம் இன்னைக்குத்தான் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு அத்தை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அழத் தொடங்கினாள்.

அப்பா ஞானசம்பந்தன் நில அளவைத் துறையில் முப்பத்துமூன்று வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வருடங்கள் ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டிலும் செம்மண் தேரி மேடுகளிலும் அளவுச் சங்கிலி பிடித்து அலைந்தவர். அன்று காலை கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் வாயோரத்து நுரையை முந்தானையால் துடைத்துவிட்ட பிறகுதான் அம்மா அன்னத்தாய் மகளைக் கூப்பிட்டாள். குரலில் அவசரமே இல்லை. அதிலேயே சித்ரலேகாவுக்குத் தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே அம்மா ஒரே ஒரு காரியம்தான் சொன்னாள்.

"சாயங்காலம் தூக்கிட்டுப் போன பெறவு அந்த எடத்துல வெளக்கு ஏத்தணும். பின்னால அவுக படம் வேணும். அவுகள மாதிரி இருக்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அன்னத்தாய் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

வீட்டின் முன்னறைதான் சித்ரலேகாவின் டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, நினைவஞ்சலிப் படம் எல்லாம் அங்கே நடக்கும். போன வருடம் ஆறு மை போடுகிற பிரிண்டர் ஒன்றை வாங்கினாள். பாளையங்கோட்டையில் அப்போது அவளைத் தவிர இன்னும் ஒரே ஒருவரிடம்தான் அது இருந்தது. வருகிறவர்கள் படத்தை நீட்டும்போதே "கொஞ்சம் செவப்பாப் போடுங்கம்மா" என்பார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு மடங்கு என்றால் செத்தவர்களுக்கு இரண்டு மடங்கு. போய்ச் சேர்ந்த பிறகாவது சிவந்துகொள்ளட்டும் என்று நினைப்பார்கள்போல. அப்பாவின் ஓய்வுநாள் படத்தையும் அவள் அப்படித்தான் செய்து கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யாரு இது?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். படம் பீரோவுக்கு மேலே குப்புறப் போயிற்று.

கைப்பழக்கத்தில் அப்படி வந்துவிட்டது என்று அன்று அவள் சொன்னது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கோபம்.

நான்கு வருடத்துக்கு முன்பு அம்பாசமுத்திரத்திலிருந்து அவளைப் பெண்பார்க்க வந்தார்கள். முதலில் போன படத்தில் ஸ்டுடியோக்காரர் அவளைத் தன் இஷ்டத்துக்கு வெளுத்து வைத்திருந்தார். வந்தவர்கள் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கேசரியைத் தின்றுகொண்டே ஒரு பெரியவர் "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்றார். சொன்னவர் நல்ல சிவப்பு. மறுவாரம் ஆள் வழியாகத் தகவல் வந்தது: படம் வேற மாதிரி இருந்துச்சே.

அப்பா யார்மேலும் கோபப்படவில்லை. "தப்பான அளவ அனுப்புனது நாமதான்" என்றார். அடுத்த இடத்துக்குத் தானே உட்கார்ந்து விவரம் எழுதினார். பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம். நிறம் என்ற இடத்தில் எல்லாத் தகப்பன்மாரும் 'மாநிறம்' என்று எழுதுவார்கள். அவர், சர்வே வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுகிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பிரித்து, 'கருப்பு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார்.

"ஏம்ப்பா இப்படி எழுதுதீங்க?"

"கல்லு எங்கன கெடக்கோ அங்கனதான் எல்லை. நம்ம வசதிக்கு நவுத்தி வைக்கக் கூடாது."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவரோடு பதினோரு நாள் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் மன்னிக்கவில்லை. அதற்குப் பின் எந்த இடத்துக்கும் விவரம் அனுப்ப அவள் விடவில்லை. முன்னறையில் கடை போட்டாள்.

இப்போது அந்த முன்னறையில், தம்பி கணேஷ்ராம் இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றில் எடுத்த படம் திரையில் இருந்தது. குளித்துவிட்டுப் படியில் நிற்கிறார் அப்பா. தோளில் ஈரத்துண்டு. எதையோ சொல்ல வாயெடுத்த முகம். நல்ல படம்தான். ஆனால் கழுவிக் கொடுத்த கடையில் எல்லாவற்றையும் செம்பு நிறமாக்கியிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர்கூடச் சிவந்திருந்தது.

அச்சிடுவதற்கு நல்ல பருத்தித் தாள் இருந்தது. ஓர் ஓவிய ஆசிரியரின் கண்காட்சிக்காகப் பேப்பர் கடை உமர் பாரூக் பம்பாயிலிருந்து வரவழைத்துக் கொடுத்த தாள். தடிமனாக, கல் சூடேறும் முன் வார்த்த தோசைபோல வெள்ளையாக இருக்கும். பத்தில் மூன்று மிஞ்சியிருந்தன. ஒன்றைக் கட்டங்கள் அடிக்கச் செலவழித்தாயிற்று. மீதி இரண்டு.

எந்தத் தாளில் அடிக்கிறோம் என்று பிரிண்டருக்குச் சொல்ல வேண்டும். அதன் பட்டியலில் இந்தத் தாளின் பெயர் இல்லை. பளபளப்புத் தாள் என்று பொய் சொன்னால் மையை அள்ளி ஊற்றும், பருத்தி குடித்து ஊறிவிடும். சாதாரணத் தாள் என்றால் கஞ்சத்தனமாகத் தெளித்து முகத்தைச் சாம்பலாக்கும். அவள் பளபளப்பில்லாத தாளுக்கான 'மேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். நிறத்திருத்தத்தை நிறுத்தினாள். அதைத் தானாகச் செய்துகொள் என்று விட்டால், பிரிண்டரும் சொந்தக்காரர்களைப்போல முகத்தை வெளுத்துவிடும். பிறகு படத்தில் அப்பாவின் கை, பதினாலாம் கட்டத்தோடு ஒத்துப்போகும் வரை மைகளைக் கூட்டிக் குறைத்தாள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தாள். படத்துக்கு ஒரு பக்கமாக அவள் வைத்திருந்த நோட்டு அது. கடைசி வரி எப்போதும் நிறம். அதில் 'கோதுமை', 'சிவப்பு', 'மாநிறம்' என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு இருந்ததில்லை. இந்தப் பக்கத்தில் அந்த வரியை எழுதாமல் விட்டாள்.

படம் வெளியே வந்தபோது உமர் பாரூக் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூடத்துக்குப் போய் அப்பாவின் காலருகே சிறிது நேரம் நின்றுவிட்டு முன்னறைக்கு வந்தார்.

"எங்கள்ல படம் வைக்கது கெடையாது தங்கச்சி. ஆனாலும் ஒங்க அவசரம் புரியுது" என்றார். "ஈரத்துல பாத்து ஏமாந்துராதீய. காஞ்ச பெறவு நெறம் ஒரு படி எறங்கும்."

"தெரியும் அண்ணாச்சி."

அரைமணி நேரம் காயவிட்டாள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் கையருகே வைத்தாள். பொருந்தவில்லை. படத்தில் இருந்த கை கருப்பாகவும் நிஜக் கை வெளிறியும் இருந்தன. டியூப்லைட்டின் வேலையாக இருக்கும் என்று விளக்கை அணைத்தாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். ஜன்னல் கதவைத் திறந்தாள். பகல் வெளிச்சம் நேராகக் கையில் விழுந்தது. அப்போதும் பொருந்தவில்லை. கட்டத் துண்டை மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பன்னிரண்டு. அதுவும் சரியாக இல்லை, மஞ்சள் தட்டியது.

காலையில் பதினாலு. மதியம் பன்னிரண்டு. அளவு நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு இது நடந்ததே இல்லை.

மதுரையிலிருந்து வந்து சேர்ந்திருந்த கணேஷ்ராம் சிவந்த கண்களோடு படத்தை வாங்கிப் பார்த்தான். "நல்லாத்தான இருக்கு அக்கா. அப்பா இவ்வளவு கருப்பு கெடையாது. எதுக்கும் லேசா வெளுத்துரு" என்றான்.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னைக்கு உள்ள நெறம்லா" என்றாள்.

"என்னம்மா?"

"உசுரு போன பெறவு உள்ளதப் பாத்து அடிச்சிருக்க. ரத்தம் நின்னா நெறம் நிக்குமா? நேத்து இருந்த நெறத்தப் போடு."

சித்ரலேகா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது.

"நேத்து உள்ள நெறத்துக்கு எங்கனம்மா போவேன்?"

அம்மா பதில் சொல்வதற்குள் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்தார்கள். அதன் பிறகு எதற்கும் நேரம் இல்லை. குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். துடைத்த இடத்தில் யாரோ மறுபடியும் திருநீறு பூசினார்கள். மூன்றரை மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினார்கள். ஆண்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகி, ஈரத்தலையோடு வந்த அம்மா முன்னறைக்குள் நுழைந்தாள். கடை போட்டதிலிருந்து அவள் அந்த அறைக்குள் வந்தது மூன்றோ நான்கோ முறைதான். சித்ரலேகா திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். மிஞ்சியிருந்தது ஒரே தாள். அதைத் தொடவே பயமாக இருந்தது.

அம்மா அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல்காரன் அளவு பார்க்கப் பிடிக்கிற பிடி. அப்படியே ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தா. இதுல வச்சுப் பாரு."

"எதுல?"

"ஒன் கையிலதாம்ட்டி. நீ பெறந்தன்னைக்கு ஆஸ்பத்திரில, நர்ஸம்மா பிள்ள நெறங்கொறவுன்னு சொல்லிட்டா. எனக்கு மொகம் விழுந்துபோச்சு. ஒங்க அப்பா வந்தாவ. ஒன் கைக்குப் பக்கத்துல அவுக கைய நீட்டி வச்சாவ. குனிஞ்சு பாத்தாவ. 'சரியா இருக்கு'ன்னாவ. அவ்வளவுதான். அன்னைக்கு முழுக்க சிரிச்சுக்கிட்டே திரிஞ்சாவ."

"இத ஏம்மா ஒருநாளும் சொல்லல?"

"சொல்லுததுக்கு என்ன இருக்கு" என்றாள் அம்மா. "நீ கருப்புன்னாலே மூஞ்சியத் தூக்குவியே."

சித்ரலேகா சட்டென்று மேசையிலிருந்து விலகிச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். பருத்தித் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தடம் விழும். அங்கே நின்று, காலையிலிருந்து அழாததை எல்லாம் அழுதாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு கையையும் முகத்தையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் முன்கையை நீட்டி, துண்டை அதன்மேல் வைத்து நகர்த்தினாள். பதினாலைத் தாண்டினாள். பதினாறைத் தாண்டினாள்.

"பதினெட்டு" என்றாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். "அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட. வெயில்ல நின்னவுகல்லா."

வெயிலுக்கு ஒரு கட்டம் கூட்டினாள். பத்தொன்பது. நீலத்தில் ஐந்து, மெஜந்தாவில் மூன்று, மஞ்சளில் இரண்டு ஏற்றி, கருப்பு மையைத் தொடாமல் விட்டாள். கடைசித் தாளை இரண்டு கையாலும் பிடித்து ஊட்டினாள். பிரிண்டர் தன் வழக்கப்படி முனகிக்கொண்டு, வரி வரியாக, முதலில் நெற்றியைக் கொடுத்தது.

ஆண்கள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கழுவிவிட்ட இடத்தில், பலகையின்மேல், சட்டம் போடாத படம் சுவரில் சாய்ந்திருந்தது. கணேஷ்ராம் உள்ளே வந்தவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றான். வெளுக்கச் சொன்னவன் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அத்தை படத்தின் அருகே போய், "ஏ அண்ணா" என்று தொடக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க அத்த. இன்னும் காயல."

சித்ரலேகா முன்னறைக்குப் போய் நோட்டை எடுத்தாள். காலையில் எழுதிய எண்களை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதினாள். தாள், பருத்தி. தேர்வு, மேட். நிறத்திருத்தம், இல்லை. கட்டம், 19. நிறம் என்று எழுதியதும் கை தன்போக்கில் 'மா' என்று தொடங்கியது. அதை அடித்தாள். பக்கத்தில், எழுத்து எழுத்தாகப் பிரித்து, 'கருப்பு' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

கூடத்தில் அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.