கழுவிய சாம்பல்

என் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரைப் பக்கத்து வீட்டுக் கமலம் அக்கா வாழைமரத்தடியில் ஊற்றுவதை வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். கடைசிச் சொட்டுவரை உதறினார். பிறகு புளியும் மண்ணும் போட்டுக் குடத்தைத் தேய்க்க உட்கார்ந்தார். என் கை பட்ட விளிம்பை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

குண்டசாலையில் எங்கள் ஒழுங்கை வீட்டுக் கிணறுகளைக் கெடுத்தது மேட்டிலிருக்கும் சாயப்பட்டறை. காலையில் அள்ளினால் நீலம், மாலையில் ஊதா. சோறு வடித்தால் அதிலும் நிறம் ஏறும். தண்ணீர் பவுசர் லொறி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. கமலம் அக்காவின் சின்ன மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தேயிலை பெக்டரி போயிலரிலிருந்து அள்ளிக் கொட்டும் சாம்பலை அமிலத்தில் ஊறவைத்து, அமிலம் போகும்வரை கழுவி, சூளையில் வாட்டினால் அது சாயத்தையும் ஈயத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே எங்களுக்கு அதுதான் வேலை. அந்தச் சாம்பலையும் மணலையும் ஒரு பீப்பாயில் அடுக்கி, என் கிணற்றடியில் வைத்தேன்.

"பெக்டரி குப்பைய போட்டு வடிச்ச தண்ணியவா குடிக்கச் சொல்றீங்க?" என்று கமலம் அக்கா முதலில் முகத்தைச் சுளித்தார். கலகெதரயில் பெரிய கடைக்காரர் வீட்டுப் பெண். அவர் கண்முன்னால் நானே ஒரு கோப்பை குடித்துக் காட்டினேன். கண்ணாடிபோல் இருந்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவரும் குடித்தார். அதற்குப் பிறகு ஒழுங்கையே குடத்தோடு வந்தது. மகளின் சொறி ஆறியது. நல்ல நாளென்றால் எனக்கொரு தட்டில் பலகாரம் வரும். மூன்று வீடு மாறி வந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன். "அம்மா வீடு எங்க சீதா?" என்று தண்ணீர் எடுக்க வந்த கமலம் அக்கா கேட்டார். இந்தக் கேள்விக்குக் 'கண்டி டவுன்' என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். எங்கள் சனத்துப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே இதையும் பழகிவிடுகிறார்கள். நானோ "மஹய்யாவ" என்றேன்.

"மஹய்யாவல எங்க?"

"லயத்து வீடுங்க பக்கம். அப்பா மாநகரசபையில தெருக் கூட்டினாரு."

அவர் நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தண்ணீர்தான் வாழைக்குப் போனது.

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. பவுசர் வரும் நாளில் வரிசையில் எனக்குப் பின்னால் நெருங்கி நிற்க ஆளில்லாமல் போனது. குழாயை நான் தொட்டு விட்டால் அடுத்தவர் அதைக் கழுவிவிட்டுத்தான் பிடிப்பார். படித்த கூட்டம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற கூட்டம். அருவருப்பு என்றால் என்னவென்று அந்த நாட்களில்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

நேற்று மாலை வேலிப் படலைக்கு வெளியே நின்று கமலம் அக்கா கூப்பிட்டார்.

"பிள்ளைக்கு மறுபடியும் சொறி சீதா. ராவெல்லாம் அழுவுறா."

"குடத்தக் கொண்டு வாங்கக்கா. வடிச்சுத் தாரேன்."

"தண்ணி வேணாம்." அவர் என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார். "அந்தச் சாம்பல்ல ஒரு மூட்ட தந்தீங்கன்னா போதும். நாங்களே வீட்டுல வடிச்சுக்கிறோம்."

பெக்டரி கழித்துக் கொட்டியது அவர் வீட்டு அடுப்படிக்குப் போகலாம். நான் போகக்கூடாது. சீ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் பிள்ளையின் அழுகை அங்கிருந்தே கேட்டது.

உள்ளே போய் மூட்டையைத் தூக்கிவந்தேன். அதற்குள் அவர் படலையடியில் ஒரு பழைய பேப்பரை விரித்திருந்தார்.

"இதுல வைங்க. நான் எடுத்துக்கிறேன்."

நான் வைக்கவில்லை. படலைக்கு மேலாக இரண்டு கையாலும் மூட்டையை நீட்டினேன். தையல் வழியே சாம்பல்தூள் என் முழங்கைவரை வழிந்தது. கை கடுக்கத் தொடங்கியது. கமலம் அக்கா நிமிரவில்லை. காற்றில் பேப்பர் பறக்காமலிருக்க, ஒவ்வொரு மூலையிலும் கல் தேடி வைத்துக்கொண்டிருந்தார்.