பின்வரிசைக்கு வெளிச்சம்

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வருடா வருடம் குரூப் போட்டோ எடுப்பவள் நான்தான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி லோடு ஏறியதும், ஷெட்டுகளைக் கழுவிவிட்டு, நாற்பத்து மூன்று பேரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் நிறுத்துவார்கள். அந்தப் படம் அடுத்த வருடக் காலண்டரில் அச்சாகி ஒவ்வொருவர் வீட்டுச் சுவருக்கும் போகும். "சாமி படம் போட்ட காலண்டரு சிவகாசியில எங்கன பாத்தாலும் கிடைக்கும். நம்ம மூஞ்சி போட்டது எங்கன கிடைக்கும்?" என்பார், லேபிள் ஒட்டும் பகுதியின் மூத்தவரான சண்முகத்தாய். நியாயமான கேள்விதான்.

போன வருடம் அந்தப் படத்தை நான் கெடுத்தேன். ஐப்பசி மழை மூட்டம், தகரக் கூரை, நான்கு வரிசை ஆட்கள். கேமரா தலையில் மாட்டிய பிளாஷ் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வெளியே ஆட்களை ஊருக்கு ஏற்றிப்போகும் வேன்கள் உறுமிக்கொண்டு நின்றன. பதற்றத்தில் பிளாஷ் இல்லாமலே நாலு படம் எடுத்து, "சூப்பரா வந்திருக்கு" என்று எல்லோர் முன்னாலும் புளுகிவிட்டுக் கிளம்பினேன். காலண்டரில் முன்வரிசை ஜோராக இருந்தது. பின்வரிசைப் பதினோரு பேரும் சுட்ட பனங்கொட்டை மாதிரி கறுப்பாக நின்றார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் பாண்டிலட்சுமி. மாசியில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனார். காரியத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் மகள் அருணாதேவி, காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு விருதுநகரில் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். மாலை போட ஒரு படம் வேண்டுமாம். போனில் இருப்பதெல்லாம் கையால் முகத்தை மறைத்த படங்கள். பாண்டிலட்சுமிக்கு போனைத் தூக்கினாலே வெட்கம். மிச்சம் ஆதார் அட்டைதான். அதில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்?

மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த இருட்டைக் கிண்டினேன். மூக்குத்தி கிடைத்தது. முகம் கிடைக்கவில்லை. "வெளிச்சம் பத்தலம்மா" என்று சொன்னேன். பிளாஷ் அடிக்காததைத் தெரிந்தே மறைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த பிளாஷில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து மாட்டினால் அடித்தது. மதுரையில் சர்வீஸ்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பத்துத் தடவை அடித்துக் காட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வருடம் பூராவும் காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதிலும் மக்கர் செய்யவில்லை.

இந்த வருடமும் கம்பெனியில் கூப்பிட்டார்கள். அம்மா வேலை பார்த்த லேபிள் பகுதியில் இப்போது அருணாதேவி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் செய்த தப்பைச் சரிசெய்ய இன்னொரு வழி எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை ஒரு முகம்கூட இருட்டில் நிற்கக்கூடாது, அந்தப் பிள்ளையின் முகம் நிற்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் ராக்கப்பனோடு வழக்கமான சண்டை.

"போனை இங்கன வச்சிட்டு, நோட்டுல கையெழுத்துப் போடுங்க தாயி. பையை நான் பாத்துத் தாரேன்."

"வருசா வருசம் வாரேன். என்னய என்ன குண்டு வைக்க வந்தவன்னு நெனச்சீகளா?"

"யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தன் அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும். கையெழுத்தைப் பேப்பர் கிழியப் போட்டேன்.

கொட்டகையில் எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். வெளியே தூறல். அருணாதேவி உயரம் என்பதால் பின்வரிசை ஓரத்தில் நின்றாள். பிளாஷை மாட்டி, கேமரா பட்டனை அழுத்தினேன்.

அடிக்கவில்லை.

பிளாஷின் முதுகில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். பளீரென்று அடித்தது. திரும்பக் கேமராவில் எடுத்தேன். அடிக்கவில்லை. புது பேட்டரி போட்டேன். கழற்றி மாட்டி, திருகை இறுக்கினேன். சத்தமில்லாத ஷட்டரில் வைத்திருந்தால் பிளாஷ் அடிக்காது. அதையும் பார்த்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டையும் அணைத்துவிட்டுப் போட்டேன். பிளாஷின் அடியில் ஐந்து செம்புப் பொட்டுகள் இருக்கும். அவை வழியாகத்தான் 'இப்போது அடி' என்று கேமரா பிளாஷுக்குச் சொல்லும். அவற்றைக் கண்ணாடி துடைக்கும் துணியால் பளபளவென்று துடைத்தேன். மாட்டினேன். அடிக்கவில்லை.

"ஏத்தா, திரி நமுத்துப் போச்சா?" என்றார் சண்முகத்தாய்.

"நம்ம சரக்கா இருந்தா இந்நேரம் ரிட்டர்ன் வந்திருக்கும்" என்றது இன்னொரு குரல். கொட்டகையே சிரித்தது. வெளியே முதல் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

போன வருடத்துப் பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. 'சூப்பரா வந்திருக்கு' என்று சொன்னால் போதும், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

அப்போது அருணாதேவி வரிசையை விட்டு இறங்கி வந்தாள். "அக்கா, அதக் கொஞ்சம் குடுங்க."

"இது என்ன சங்குசக்கரமா? தெரியாததுல கை வைக்காதம்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடமே கூசியது. பிளாஷைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

அவள் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. தலைகீழாகப் பிடித்து, பெருவிரலால் அடிப்பாகத்தை மெதுவாகத் தடவினாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் லேபிள் ஒட்டுகிற விரல். எந்த விளிம்பு ஒட்டவில்லை, எந்த மூலை தூக்கியிருக்கிறது என்று கண்ணுக்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரியும். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"என்னமோ ஒட்டியிருக்குக்கா" என்று சொல்லி நகத்தால் நெம்பினாள். கண்ணாடி மாதிரி மெல்லிய டேப் ஒன்று முழுசாக உரிந்து வந்தது. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற டேப். செம்புப் பொட்டுகளை மூடி, அளவெடுத்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. இத்தனை நேரமும் நான் துடைத்தது பொட்டுகளை அல்ல, டேப்பை.

"அது நான் ஒட்டுனது" என்றார், படத்தில் நிற்பதற்காக வந்திருந்த ராக்கப்பன். அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். "போன வருசத்துல இருந்து புதுச் சட்டம், தெறந்த செம்பு எதையும் மூடாம கேட்டுக்குள்ள விடக்கூடாது, பொறி பறந்துரும். வயரு நுனியா இருந்தாலும் அம்புட்டுத்தான். போகையில நானே உரிச்சுத்தான குடுக்கேன்? போன வருசமும் அப்படித்தான்."

"சொல்லியிருக்கலாமேய்யா!"

"எங்க சொல்ல விட்டீக? நீங்க சண்டைல்லா போட்டீக."

அந்தக் கேட்டில் இருபது வருடமாக அவர் ஒரு பொறியைக்கூட உள்ளே விட்டதில்லை. இந்த நாற்பத்து மூன்று பேரும் என் முன்னால் முழுசாக நிற்பதில் அவருடைய டேப்புக்கும் பங்குண்டு. அந்த மனிதரிடம் நான் எந்த முகத்தோடு கோபித்துக்கொள்வது?

"டேப்பு இல்லாம இங்கன அடிக்கலாம்யா, மருந்து ஷெட்டு தூரத்துலதான இருக்கு" என்று மேனேஜர் ராக்கப்பனைச் சமாதானப்படுத்தினார். நான் பிளாஷை மாட்டவில்லை. அருணாதேவியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"போன வருசமும் பிளாஷ் அடிக்கலம்மா. பின்வரிசை இருட்டா இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் நல்லா வந்திருக்குன்னு பொய் சொன்னேன். உங்க அம்மா முகத்தக் கெடுத்தது வெளிச்சம் இல்ல, நான்தான்."

"தெரியும்க்கா" என்றாள்.

"எப்படிம்மா?" என்றேன்.

"அம்மா அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லுச்சு. 'பிளாஷ் அடிக்கலடி. அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. வேன்காரன் ஒருபக்கம் கத்துறான். நல்லா வந்திருக்குன்னு அது சொல்லவும், நாங்களும் ஆமாத்தா நல்லாத்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பி வச்சிட்டோம்'னு."

"பின்ன ஏம்மா ஸ்டுடியோவுக்கு வந்தப்ப என்னய ஒண்ணும் கேக்கல?"

"அம்மாவே ஒண்ணும் கேக்காம அனுப்பி விட்டுருச்சு. நான் என்னத்தக்கா கேக்க?"

சண்முகத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் அழுதுவிட்டேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. என் பொய்யை அன்றைக்கே கண்டுபிடித்து, எனக்காக அதை நம்புவதுபோல் நடித்து, பத்திரமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் பின்வரிசைக்காரர்கள். அதில் ஒருவருக்கு நான் நன்றி சொல்ல இனி வழியில்லை. அவர் மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். ராக்கப்பனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன். அவர் எதற்கென்று தெரியாமல் திருப்பிக் கும்பிட்டார்.

பிளாஷை மாட்டி அழுத்தினேன். கொட்டகையின் கடைசிச் சுவர்வரை வெளிச்சம் போய்வந்தது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நாற்பத்து மூன்றும் இருந்தன. அருணாதேவி கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தாள்.

"முடிஞ்சுதா, கிளம்பலாமா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். இனி தனித்தனியா ஆளுக்கு ஒரு படம் எடுக்கணும். பிரிண்டு போட்டு வீட்டுக்கு வீடு நானே கொண்டுவந்து தாரேன்" என்றேன். அருணாதேவியை முதலில் கூப்பிட்டேன். வந்தவள் கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் போனாள். சண்முகத்தாய் பின்னாலிருந்து அந்தக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

வேன்காரர்கள் மாற்றி மாற்றி ஹாரன் அடித்தார்கள். ஒருவர்கூட வரிசையை விட்டு நகரவில்லை.